வானத்தைக் கறுப்பாக்காதீர்கள்: இருள் நெபுலாப் படத்தைச் செப்பனிடும் வழி

கடந்த ஏப்ரல் அமாவாசையை ஒட்டி, ஜவ்வாது மலையில் ஒரு தோட்டத்து வீட்டு மொட்டைமாடியில் இரண்டு இரவுகள் கண்விழித்துப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை ஐந்து முறை கெடுத்தேன். ஆறாவது முறைதான் ஏதோ உருப்படியாக வந்தது. படம் எடுத்ததில் பெரிய பிழை இல்லை; கணினியில் உட்கார்ந்து செய்த வேலையில்தான் எல்லாம் பிழை. அந்த ஐந்து முறையும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்தது புகைக்குழாய் நெபுலா, விண்வெளியில் மிதக்கும் ஒரு பெரிய தூசி மேகம். கேட்டை நட்சத்திரத்துக்குக் கிழக்கே சுமார் 13 டிகிரி தள்ளி, நீட்டிய கையின் முஷ்டி ஒன்றேகால் அளவு தூரத்தில், பால்வீதியின் மேல் புகைபிடிக்கும் குழாய்போல ஒரு கறை தெரியும். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும். குழாயின் தலைப்பகுதிக்கு பர்னார்ட் 78 என்று பெயர் (பர்னார்ட் என்பவர் தொகுத்த இருள் நெபுலாப் பட்டியலின் எண்). தண்டு பர்னார்ட் 59, 65, 66, 67 என்று எண்களாகப் பிரிகிறது. தலைக்குச் சற்று வடக்கே ஆங்கில எஸ் எழுத்துபோல வளைந்து கிடப்பது பர்னார்ட் 72, பாம்பு நெபுலா. இந்தப் பாம்பை மறந்துவிடாதீர்கள், பின்னால் பரிசோதனைக்கு வேண்டும்.

நெபுலாவைத் தமிழில் ஒண்முகில் என்கிறார்கள். ஒண்மை என்றால் ஒளி. ஒளியே இல்லாத இந்தத் தூசிக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. கருமுகில் என்றால் மழைமேகம் ஆகிவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் இருள் நெபுலா என்றே சொல்கிறேன்.

பெயர் எதுவானாலும், இதன் இயல்பை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இது ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் கோடானுகோடி நட்சத்திரங்களின் ஒளியை மறைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் கேமரா பதிவு செய்வது அந்தப் பின்னணி ஒளியும் அதில் விழுந்த ஓட்டையும்தான். மென்பொருள்களும் இணையக் காணொளிகளும் ‘பின்னணி’ என்று சொல்லி அகற்றச் சொல்கிற பொருளில்தான் உங்கள் நெபுலா இருக்கிறது. நான் ஐந்து முறை தோற்றதும் இதனால்தான்.

1. மலைக்குப் போகும் முன்

காலம்: இந்த நெபுலா ஜூன் நடுவில் நள்ளிரவில் உச்சிக்கு, அதாவது தன் அதிகபட்ச உயரத்துக்கு வரும். அப்போது நமக்கு வானம் மூடியிருக்கும். மே நடுவில் அதிகாலை இரண்டு மணிக்கும், ஏப்ரல் நடுவில் நான்கு மணிக்கும் உச்சி. ஏப்ரல், மே அமாவாசைகள்தான் நமக்கான வாய்ப்பு. உச்சியில் இருக்கும்போது ஜவ்வாது மலையிலிருந்து அடிவானத்துக்கு மேல் 51 டிகிரி உயரத்தில் நிற்கும். வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது மரக்கிளைகளுக்கு மேல் எழுந்தாலே அதிசயம். இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

அனுமதி: வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் இரவு தங்காதீர்கள். தனியார் தோட்டமோ விடுதியோதான் வசதி. அடையாள அட்டை, கேமரா வாங்கிய ரசீதின் நகல், வீட்டுக்காரரின் தொலைபேசி எண் மூன்றும் கையில் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு முக்காலியோடு மாடியில் நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும்.

செலவு: இரண்டு விஷயங்களில் பணத்தை வீணாக்க வேண்டாம். முதலாவது, இரட்டைக் குறும்பட்டை ஃபில்டர். ஒளிரும் ஹைட்ரஜன் முகில்களுக்கு அது அருமையான பொருள். இங்கே அது பின்னணி நட்சத்திர ஒளியைத்தான் வெட்டும், அது போனால் நெபுலாவும் போயிற்று. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து நான் வாங்கியது அலமாரியில் இருக்கிறது. இரண்டாவது, கேமராவின் உள்ளே இருக்கும் சிவப்புத் தடுப்பு ஃபில்டரை எடுத்து மாற்றுவது. இருள் நெபுலாவுக்கு அது தேவையே இல்லை, சாதாரண கேமராவே போதும். நான் பயன்படுத்தியது பழைய 24 மெகாபிக்சல் கேமரா, 135 மி.மீ. லென்ஸ், பூமியின் சுழற்சியை ஈடுகட்டும் சிறிய டிராக்கர். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, ஒரு படத்துக்கு 120 விநாடி.

நகரத்து மாடியில் இருந்து முயன்றால்? நேரத்தை வேறு எதிலாவது செலவிடுங்கள்.

2. நான்கு வகைப் படங்களும் வேண்டும்

இருள் நெபுலாவுக்கு வானப் படங்கள் மட்டும் இருந்தால் வேலை நடக்காது. லைட் (வானப் படம்), டார்க் (லென்ஸை மூடி, அதே நேர அளவில் எடுப்பது), ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை எடுப்பது), பயாஸ் (லென்ஸை மூடி, மிகக் குறைந்த நேரத்தில் எடுப்பது) நான்கும் வேண்டும். அவற்றில் ஃப்ளாட் படங்களை விட்டுவிட்டு வந்தால் திரும்பி மலையேற வேண்டியதுதான்.

காரணம் எளியது. லென்ஸின் ஓரங்களில் படம் இருண்டு போகும். சென்சாரில் ஒட்டிய தூசி சாம்பல் நிற வட்டமாக விழும். ஒளிரும் நெபுலாவில் இவை வெறும் குறைகள். இங்கேயோ இருட்டுதான் நமக்கான பொருள் என்பதால், சென்சார் தூசி எது, வானத்துத் தூசி எது என்று பிரிக்கவே முடியாது. என் முதல் படத்தில் குழாயின் தண்டுக்குக் கீழே அழகான ஒரு தனி முகில் இருந்தது. இரண்டு நாள் அதற்குப் பெயர் தேடினேன். அது என் சென்சாரில் ஒட்டியிருந்த தூசி.

ஃப்ளாட் எடுக்கும் வழி: விடியற்காலையில், ஃபோகஸையும் அபெர்ச்சரையும் தொடாமல், லென்ஸைக் கழற்றாமல், வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் லென்ஸ் மேல் இழுத்துப் பிடித்து, சூரியன் இல்லாத பக்கத்து வானத்தை நோக்கி 30 படங்கள். கேமரா காட்டும் ஒளிப் பரவல் வரைபடத்தில், அதாவது ஹிஸ்டோகிராமில், மேடு நடுவில் நிற்க வேண்டும். வேட்டியில் சலவை நீலம் இருந்தாலும் பரவாயில்லை, கரை மட்டும் லென்ஸுக்கு மேல் வரக்கூடாது.

டார்க் படங்களில் ஒரு பொறி உண்டு. குளிரூட்டி இல்லாத கேமராவில் சென்சாரின் சூடு இரவு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். எல்லா டார்க்கையும் அதிகாலைக் குளிரில் எடுத்தால் நள்ளிரவுப் படங்களுக்குப் பொருந்தாது. நடு இரவில் பத்து, கடைசியில் பத்து என்று பிரித்து எடுங்கள். ஒரு தாளில் நேரம், வெப்பநிலை, ஐஎஸ்ஓ, எத்தனை படம் என்று எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்து உங்கள் நினைவு உதவாது, அந்தத் தாள் உதவும்.

பதினைந்து படங்களுக்கு ஒருமுறை கேமராவின் குறியை ஒரு மயிரிழை நகர்த்துங்கள். நகர்த்தாவிட்டால், படங்களை அடுக்கும்போது (எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே படமாக்கும்போது) சென்சாரின் இரைச்சல், அதாவது அது தானாக உண்டாக்கும் புள்ளிக் கறைகள், ஒரே திசையில் கோடு கோடாக ஓடும். பிரகாசமான இடத்தில் அது தெரியாது. கரிய குழாயின் நடுவே மழைச்சாரல்போலத் தெரியும்.

3. கணினியில் இடம்

இது சலிப்பான பகுதி, ஆனால் இங்கேதான் என் முதல் சனிக்கிழமை முழுவதும் போனது. 24 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா பதிவு செய்த மாறாத மூலக் கோப்பு) 30 எம்பிக்குள் அடங்கும். மென்பொருள் அதை மூன்று நிறங்களாக விரித்து, 32 பிட் துல்லியத்தில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 290 எம்பி ஆகிறது. என்னிடம் 164 லைட் படங்கள். ஒரு கட்டத்துக்கு 47 ஜிபி, இடையில் மூன்று கட்டங்கள். 200 ஜிபி காலியாக இல்லாமல் தொடங்காதீர்கள். மூன்று மணி நேரம் ஓடிய பிறகு ‘வட்டில் இடமில்லை’ என்று வந்தால் அழுகைதான் வரும்.

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. படங்களை அடுக்கிச் செப்பனிடும் சிரில், பின்னணியை நீக்கும் கிராஎக்ஸ்பர்ட், நட்சத்திரங்களைப் பிரிக்கும் ஸ்டார்நெட் மூன்றும் இலவசம். பிக்ஸ்இன்சைட் என்ற கட்டண மென்பொருள் திறமையானதுதான், சில நூறு யூரோ ஆகும். முதல் படத்துக்கு அது வேண்டாம். ஸ்டார்நெட்டைத் தனியாக இறக்கி, அது இருக்கும் இடத்தை சிரிலின் அமைப்புகளில் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ‘வேலை செய்யவில்லை’ என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன்.

4. சலித்தெடுங்கள்

அடுக்குவதற்கு முன் எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நட்சத்திரம் கோடாக நீண்டவை, காற்றில் ஆடியவை எளிதில் கண்ணில் படும். ஆபத்தானது மெல்லிய மேகம். ஏப்ரல் இரவுகளில் சல்லாத் துணிபோல ஒரு படலம் வந்து போகும், நேரில் நிற்கும்போது கவனத்துக்கே வராது. அந்தப் படங்களில் ஒரு பக்கம் மங்கும். அடுக்கியபின் இல்லாத நெபுலா ஒன்று முளைக்கும். சந்தேகம் வந்தால் தூக்கிப் போடுங்கள். நான் 31 படங்களைத் தூக்கினேன், மிஞ்சியது 133, அதாவது 4 மணி 26 நிமிட ஒளி. இதை இரட்டிப்பாக்கினால் இரைச்சலோடு ஒப்பிட்ட தரம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். ஆகவே கெட்ட இருபது படங்களைக் காப்பாற்றுவதில் எந்த லாபமும் இல்லை.

5. அடுக்குதல்

சிரிலில் நான்கு வகைக்கும் நான்கு கோப்புறைகள் வேண்டும். பெயர்களை அதன் ஸ்கிரிப்ட் (எல்லாக் கட்டங்களையும் தானாக ஓட்டும் கட்டளைத் தொகுப்பு) கேட்கிறபடி ஆங்கிலச் சிற்றெழுத்தில், பன்மையில், எழுத்துப் பிசகாமல் வையுங்கள். ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டினால் முதல் படம் வந்துவிடும். அதை ஒத்திகையாகப் பாருங்கள். உண்மையான வேலைக்கு ஒவ்வொரு கட்டத்தையும் கையால் ஓட்டுங்கள், ஏனென்றால் நடுவில் ஒரு படி நுழைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நூறு படங்களுக்கு மேல் இருந்தால், மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத புள்ளிகளைத் தள்ளும் விலகல் நீக்கம் அடுக்கும்போது அவற்றை விழுங்கிவிடும். அடுக்கி முடித்ததும் ஓரங்களை வெட்டுங்கள். பின்னணி வேலைக்கு முன்பே வெட்ட வேண்டும். எல்லாப் படமும் ஒன்றன்மேல் ஒன்று படியாத அந்த விளிம்புகள் அடுத்த கணக்கையெல்லாம் குழப்பும்.

6. பின்னணிச் சரிவு: நெபுலா இங்கேதான் சாகும்

ஊர் விளக்கொளியால் படத்தின் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் இருண்டு இருக்கும். இதை நீக்க மென்பொருள் படமெங்கும் மாதிரிப் புள்ளிகளைத் தூவி, ‘இவையெல்லாம் வெறும் வானம்’ என்று நினைத்து, அவற்றைச் சமன் செய்யும். நம் படத்தில் வெறும் வானம் என்ற ஒன்றே கிடையாது. கரிய இடம் தூசி, வெளிறிய இடம் நட்சத்திரக் கூட்டம். முதல் முறை தானியங்கியை நம்பி அழுத்தினேன். திரையில் வந்தது வழுவழுப்பான சாம்பல் நிறம். குழாயின் தலை வெளுத்துப் போயிருந்தது, பாம்பு இருந்த இடத்தில் ஒரு கீறல். ஒரு நிமிடம், ‘அட, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது’ என்று மகிழ்ந்தும் போனேன்.

இப்போது நான் செய்வது இது.

அடுக்குவதற்கு முன், ஒவ்வொரு தனிப் படத்துக்கும் முதல் படிப் பல்லுறுப்புக்கோவை மட்டும் வைத்துப் பின்னணியை நீக்குகிறேன். முதல் படி என்றால் சாய்ந்த ஒரு பலகை, அதற்கு வளைவு தெரியாது, நெபுலாவின் உருவத்தைத் தின்னவும் முடியாது. தனிப் படத்தில் செய்யக் காரணம், இரவு நகர நகர அடிவானத்தின் திசை படத்துக்குள் திரும்பிக்கொண்டே போகிறது. அடுக்கிய பிறகு பார்த்தால் பத்துத் திசைச் சரிவுகள் ஒன்றாகக் கலந்து சிக்கலான வளைவாகிவிடும், அதை நீக்கப் பெரிய ஆயுதம் தேவைப்படும்.

அடுக்கிய பிறகும் சரிவு மிஞ்சினால் கிராஎக்ஸ்பர்ட்டில் மாதிரிப் புள்ளிகளைக் கையால் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும். தூசியின் மேல் ஒன்றுகூட வேண்டாம். நீக்கியபின் அது கணக்கிட்ட பின்னணிப் படத்தைத் தனியாகத் திறந்து பாருங்கள். அந்தப் படத்தில் மங்கலாகவாவது ஒரு குழாயின் சாயல் தெரிந்தால் உங்கள் நெபுலாவை அங்கே கழித்துக் கொட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். ரத்து செய்யுங்கள். இந்தச் சோதனையை நான் முதல் நாளே அறிந்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பால்வீதிக்கே ஒரு சரிவு உண்டு, தனுசு இருக்கும் கிழக்குப் பக்கம் அது உண்மையிலேயே பிரகாசம். சாய்ந்த பலகை அதிலும் கொஞ்சம் செதுக்கிவிடும். நான் அதைப் பொறுத்துக்கொண்டேன். கிழக்கே வானம் சற்று வெளிறி இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும்.

7. நிறம்: பழுப்பைக் காப்பாற்றுங்கள்

தூசி நீல ஒளியை அதிகமாகத் தடுக்கும், சிவப்பைச் சற்று விடும். அதனால் நெபுலாவின் விளிம்பில் காய்ந்த புகையிலைபோல ஒரு பழுப்பு படியும். படத்தின் அழகே அதுதான். தானியங்கி வெள்ளைச் சமநிலை அந்தப் பழுப்பைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும்.

சிரிலில் முதலில் படத்தின் வான இருப்பிடத்தைக் கண்டறியச் செய்யுங்கள். குவியத் தூரம் 135, பிக்சல் அளவு 3.7 மைக்ரான் என்று உங்கள் கேமராவின் எண்களைக் கொடுத்தால் போதும். பிறகு ஒளியளவை நிறத் திருத்தம். இது நட்சத்திரங்களின் அளந்தறிந்த நிறங்களைப் பட்டியலோடு ஒப்பிடுவதால் தூசியால் சிவந்தவை சிவந்தபடியே நிற்கும். பின்னணிக்கு ஒரு கட்டம் வரையச் சொன்னால் அதைக் குழாயின் மேல் வரையாதீர்கள். வரைந்தால் தூசி சாம்பலாகி, சுற்றியுள்ள நட்சத்திரங்கள் நீலம் பாய்ந்து நிற்கும்.

8. நட்சத்திரங்களைப் பிரித்து, பிறகு நீட்டுதல்

பால்வீதியின் மையத்துக்கு அருகில் நட்சத்திரங்கள் மணல்போல இறைந்து கிடக்கும். அவற்றோடு சேர்த்துப் படத்தை நீட்டினால், அதாவது மங்கலான ஒளி அளவுகளை விரித்துக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தால், தூசி தெரியாமல் மணல்தான் தெரியும். ஸ்டார்நெட் பெரிய நட்சத்திரங்களைத் தனிப் படமாக எடுத்துவிடும். சின்னஞ்சிறு நட்சத்திரங்களை முழுதாக எடுக்காது, திட்டுத்திட்டாக ஒரு சொரசொரப்பு மிஞ்சும். அது இரைச்சல் என்று நினைத்து இரைச்சல் நீக்கியை முழு வேகத்தில் ஓட்டினேன். மெழுகு பூசியதுபோல் ஆயிற்று. அந்தச் சொரசொரப்பில் பாதி உண்மையான நட்சத்திர ஒளி. இரைச்சல் நீக்கியைப் பாதி அளவுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.

நீட்டுவதற்கு சிரிலின் பொதுமை அதிபரவளைய நீட்டலைப் பரிந்துரைக்கிறேன். பெயர் பயமுறுத்தினாலும் புரிய வேண்டியது ஒன்றுதான்: சமச்சீர்ப் புள்ளி என்ற ஒரு அளவு உண்டு, அந்த ஒளி அளவில்தான் வேறுபாடு மிக அதிகமாகக் கூடும். குழாயின் கருமைக்கும் சுற்றியுள்ள வெளிறலுக்கும் நடுவே, விளிம்பில் ஒரு சிறு கட்டம் வரைந்து, அதன் சராசரியை அந்தப் புள்ளியாக வையுங்கள். ஒரே இழுப்பில் நீட்டாதீர்கள், நான்கைந்து சிறிய இழுப்புகளாகச் செய்யுங்கள்.

கறுப்பு முனையை, அதாவது எந்த அளவுக்குக் கீழே எல்லாம் முழுக் கறுப்பு என்று சொல்லும் முனையை, நகர்த்த உங்கள் கை துறுதுறுக்கும். ‘விண்வெளி கறுப்புதானே’ என்று தோன்றும். தொடாதீர்கள். 0 முதல் 255 வரையான அளவில் என் இறுதிப் படத்தில் குழாயின் மிகக் கரிய இடம் 25க்கும் 30க்கும் இடையில் இருக்கிறது. சுற்றியுள்ள நட்சத்திரப் புலம் 70 முதல் 90. கரிய இடம் 0 ஆகிவிட்டால் நெபுலா மேகமாகத் தெரியாது, காகிதத்தில் கத்தரித்த ஓட்டையாகத் தெரியும். உள்ளே இருக்கும் அடர்த்தி வேறுபாடுகள் அத்தனையும் போய்விடும்.

இப்போது பாம்பைப் பாருங்கள். எஸ் வளைவின் இரு விளிம்பும் மென்மையாகக் கரைந்து, உடல் ஒரே கறுப்பாக இல்லாமல் ஏற்ற இறக்கத்தோடு இருந்தால் நீட்டல் சரி. விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் அடுத்தடுத்த இடங்களுக்கு இடையிலான ஒளி வேறுபாட்டை அதிகம் கூட்டிவிட்டீர்கள்.

9. சேர்த்தல், சேமித்தல், அச்சிடுதல்

நட்சத்திரப் படத்தைத் தனியாக, குறைவாக நீட்டி, மீண்டும் சேருங்கள். முழுக்க நட்சத்திரமில்லாத படத்தைப் பகிர்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை, மறைக்கப்படும் ஒளி இல்லாமல் மறைப்பது எப்படித் தெரியும்?

பாதுகாப்பதற்கு 16 பிட் டிஃப், பகிர்வதற்கு ஜேபெக். பகிரும் முன் ஒளியைக் குறைத்து வைத்த கைபேசியில் ஒருமுறை பாருங்கள். கரிய நுணுக்கங்கள் முதலில் மறைவது அங்கேதான். அச்சிடுவதாக இருந்தால் கடைக்காரரிடம் தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி, முதலில் சிறிய அளவில் ஒன்று எடுங்கள். நான் சொல்ல மறந்தேன். 12க்கு 18 அங்குலத்தில் பளபளவென்று, கரிக்கட்டைபோல ஒரு படம் கையில் வந்தது. என் அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘படம் எந்தப் பக்கம்பா?’ என்று கேட்டார்.

10. எவ்வளவு நேரம் ஆகும், எதை அழிக்கலாம்

16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் எனக்கு ஆனது: சலிக்க ஒன்றரை மணி, அடுக்க மூன்று மணி, பின்னணிக்கு இரண்டு மாலைகள், நிறத்துக்கு அரைமணி, நீட்டலுக்கு ஒரு மாலை. நீட்டலை முடித்த அன்றே இறுதிப் படம் என்று முடிவு செய்யாதீர்கள். இரவில் சரியாகத் தெரிந்தது காலை வெளிச்சத்தில் மிகையாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் இடைக்கட்டக் கோப்புகளை அழித்துவிடலாம், 140 ஜிபி திரும்பக் கிடைக்கும். மூல ரா கோப்புகள், அடுக்கிய டார்க், ஃப்ளாட், பயாஸ், நீட்டாத இறுதி அடுக்கு, நீங்கள் எழுதிய தாள் ஆகியவற்றை மட்டும் இரண்டு வட்டுகளில் வையுங்கள். அடுத்த ஏப்ரலில் எடுக்கும் படங்களை இவற்றோடு சேர்த்து அடுக்கலாம், கேமராவும் லென்ஸும் அதேயாக இருந்தால் போதும். ஃப்ளாட் மட்டும் புதிதாக எடுக்க வேண்டும், வேட்டியை மறக்காதீர்கள்.